யார் காதில் எது விழக்கூடாது

வேலை என்னவோ சின்னதுதான். இணையம் வழியாக ஒருவரோடு பேசிப் பதிவு செய்ய வேண்டும். நடுவே ஓர் இசைத் துணுக்கை ஓடவிட வேண்டும். அது அவருக்கும் கேட்க வேண்டும், எனக்கும் கேட்க வேண்டும். ரெக்கார்டிங்கில் என் குரல் ஒரு டிராக், அவர் குரல் ஒரு டிராக், இசை ஒரு டிராக் என்று தனித்தனியாக விழ வேண்டும். பேச்சுக்கு இடையில் மின்னஞ்சல் வந்து ‘டிங்’ என்றால் அது என் காதோடு நின்றுவிட வேண்டும். மேசை மேல் ஒரு மிக்ஸரும் நாலைந்து ஒயரும் இருந்தால், பழகிய ஒலிப்பதிவுக்காரர் பேசிக்கொண்டே மாட்டி முடித்துவிடுவார். அதையே ஒரு கணினிக்குள், நான்கு புரோகிராம்களுக்கு நடுவில் செய்யச் சொன்னால் கைதேர்ந்தவர்களும் கொஞ்சம் தடுமாறுகிறார்கள். ஒயர் கண்ணுக்குத் தெரியவில்லை, அதுதான் சிக்கல்.

கணினி ஓர் அனுமானத்தோடுதான் வருகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒருவர், அவருக்கு இரண்டு காது, அவ்வளவுதான். பிரவுசர், பாட்டுப் புரோகிராம், அழைப்புப் புரோகிராம் என்று எது சத்தம் போட்டாலும் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகும். அங்கே இயங்குதளம் எல்லாவற்றையும் கூட்டி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். கூட்டுவது என்றால் நிஜமாகவே பள்ளிக்கூடத்துக் கூட்டல். ஒவ்வொரு ஒலியும் பொதுவாக வினாடிக்கு 48,000 எண்களாக வருகிறது. இதில் ஓர் எண்ணையும் அதில் ஓர் எண்ணையும் கூட்டினால் கலந்த ஒலியின் ஓர் எண். 7 என்று கையில் வந்த பிறகு அது 3-உம் 4-உமா, 5-உம் 2-உமா என்று யார் சொல்வது? பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் பாட்டில்தான் இருக்கிறது. குரலையும் இசையையும் பிரித்துத் தருகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது வந்துவிட்டன, வியக்கவும் வைக்கின்றன. ஆனால் அவை ஊகித்துத்தான் பிரிக்கின்றன. கலக்கும் முன்பே தனியாக எடுத்துவைத்ததற்கு அது ஈடாகாது.

ஆக, கலப்பதற்கு முன்னால் உள்ள இடத்தில் நாம் கைவைக்க வேண்டும். அந்த இடத்தை எந்த இயங்குதளம் எவ்வளவு திறந்து காட்டுகிறது என்பதில்தான் வித்தியாசம். நான் புழங்குவது லினக்ஸ் என்பதால் அதை வைத்தே பேசுகிறேன். விண்டோஸ், மேக் என்ற மற்ற இரண்டுக்கும் பின்னால் வருகிறேன்.

லினக்ஸில் ஒரு காலத்தில் கலத்தல் என்பதே பாடாக இருந்தது. ஓஎஸ்எஸ் என்ற பழைய ஏற்பாட்டில், சவுண்டு கார்டே கலந்து தருகிற வகையாக இல்லாவிட்டால், முதலில் வந்த புரோகிராம் கார்டைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து வருவதற்கு ‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்ற பதில்தான். 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 2.6 பதிப்போடு, ஓஎஸ்எஸ் இருந்த இடத்தில் ஆல்சா நிலைபெற்றது. புரோகிராம்களின் ஒலியை வாங்கிக் கலந்து கார்டுக்குத் தரும் ஒலி சர்வர் பல்ஸ்ஆடியோ. 2004-இல் லெனார்ட் பாட்டரிங் தொடங்கிய அது, லினக்ஸ் வகைகளான ஃபெடோரா 8-இல் 2007-இலும் உபுண்டு 8.04-இல் 2008-இலும் இயல்பாகவே சேர்ந்து வந்தது. வந்த புதிதில் அது வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இன்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிற இரண்டு வசதிகளை லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பரவலாக்கியது அதுதான்: ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி வால்யூம், ஓடிக்கொண்டிருக்கும் ஒலியை ஸ்பீக்கரிலிருந்து ஹெட்போனுக்கு அப்படியே நகர்த்துவது. கூடவே ஒவ்வொரு ஒலி வெளியீட்டுக்கும் ஒரு ‘மானிட்டர்’ வைத்தது. அந்த வெளியீட்டுக்குள் என்ன போகிறதோ அதை இன்னொரு புரோகிராம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்த மானிட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதை வைத்துத்தான்.

இதே காலத்தில் இசைக்காரர்கள் தனியாக ஒரு உலகம் கட்டிக்கொண்டார்கள். ஆர்டர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளை எழுதிய பால் டேவிஸ், 2002 வாக்கில் ஜாக் என்ற ஒலி சர்வரைக் கொண்டுவந்தார். அதன் எண்ணம் எளியது: புரோகிராம் என்பது ஒரு பெட்டி, பெட்டிக்கு உள்வரும் துளைகள், வெளிப்போகும் துளைகள். எந்தத் துளையை எந்தத் துளையோடு சேர்ப்பது என்பது பயனர் பாடு, புரோகிராம் அதில் தலையிடாது. அருமையான எண்ணம். ஆனால் ஜாக் ஓடும்போது கார்டை அது தன்வசம் எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் ஒரு வீடியோ பார்க்க வேண்டுமென்றால் பல்ஸ்ஆடியோவுக்கும் ஜாக்குக்கும் நடுவே பாலம் கட்ட வேண்டும். அது என்றைக்கு நிற்கும், என்றைக்குச் சரியும் என்று சொல்ல முடியாது.

இரண்டு உலகத்தையும் சேர்த்துவைத்தது பைப்வயர். ரெட்ஹேட்டில் பணிபுரியும் விம் டேமன்ஸ் எழுதியது. ஜிஸ்ட்ரீமர் என்ற ஒலி, வீடியோ மென்பொருளை எழுதியவர்களில் முக்கியமானவர் அவர். பைப்வயர் முதலில் வந்தது வீடியோவுக்காக. 2017-இல் ஃபெடோரா 27-இல் திரைப்பகிர்வு மாதிரியான வேலைகளுக்காக எட்டிப்பார்த்தது, 2021-இல் ஃபெடோரா 34-இல் ஒலி முழுவதையும் ஏற்றுக்கொண்டது, 2023 நவம்பரில் 1.0 ஆனது. பல்ஸ்ஆடியோவுக்கு எழுதிய புரோகிராம் தான் பல்ஸ்ஆடியோவிடம் பேசுவதாக நினைத்துக்கொள்கிறது. ஜாக்குக்கு எழுதியது ஜாக்கிடம் பேசுவதாக நினைத்துக்கொள்கிறது. கேட்பது இரண்டையும் பைப்வயர்தான். விளைவு, பிரவுசரும் துளையுள்ள பெட்டியாகிவிட்டது.

கியூபிடபிள்யூகிராஃப் என்ற சின்ன புரோகிராமைத் திறந்தால் இது அப்படியே படமாகத் தெரியும். ஜாக் காலத்திலிருந்தே இத்தகைய கருவிகளை எழுதிவரும் ரூய் நூனோ கபேலாவின் கைவேலை. இடப்பக்கம் மைக் ஒரு பெட்டி. அதன் வலது ஓரத்தில் ஒற்றைத் துளை. நடுவில் பிரவுசர், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று இரண்டு துளைகள். வலக்கோடியில் ஹெட்போன், இடது ஓரத்தில் இரண்டு துளைகள். பிரவுசர் துளையில் மவுஸை அழுத்தி இழுத்து ஹெட்போன் துளையில் விட்டால் ஒரு கோடு விழும், ஒலி வரும். அதே பிரவுசர் துளையிலிருந்து ரெக்கார்டருக்கும் இன்னொரு கோடு இழுக்கலாம், இரண்டுக்கும் முழு ஒலியும் போகும். ஒரே துளையில் இரண்டு கோடுகள் வந்து சேர்ந்தால் அவை தாமாகவே கூடிக்கொள்ளும்.

இதோடு மிக்ஸரின் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் இடறும் இடம்: கோட்டுக்கு வால்யூம் கிடையாது. இசை எனக்குச் சத்தமாகவும் விருந்தினருக்கு மெதுவாகவும் கேட்க வேண்டும் என்றால், வெறும் கோடு போட்டு அதைச் செய்ய முடியாது. நடுவில் வால்யூம் உள்ள பெட்டி ஒன்று வேண்டும்.

அந்தப் பெட்டிதான் இல்லாத ஸ்பீக்கர். ‘நல் சிங்க்’ என்பார்கள். கணினியிடம் ‘இன்னொரு ஸ்பீக்கர் இருக்கிறது’ என்று சொல்லிவைப்பது, அவ்வளவுதான். புரோகிராம்கள் அதை நம்பி அதற்குள் ஒலியைக் கொட்டும். எந்தக் காதிலும் எதுவும் விழாது. ஆனால் அதற்கும் மானிட்டர் உண்டு, அதிலிருந்து வேண்டிய இடத்துக்குக் கோடு இழுத்துக்கொள்ளலாம். விண்டோஸில் விபி கேபிள் செய்வதும், மேக்கில் முன்பு சவுண்ட்ஃபிளவரும் இப்போது பிளாக்ஹோலும் செய்வதும் சாராம்சத்தில் இதுதான். பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம்.

சரி, முதலில் சொன்ன வேலைக்கு வருவோம். கோடு இழுக்கத் தொடங்கும் முன் நான் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுவேன். இடப்பக்கம் ஒலி பிறக்கும் இடங்கள் நான்கு: என் மைக், விருந்தினர் குரல், இசை, அறிவிப்பு ஒலிகள். மேலே ஒலி போய்ச் சேரும் இடங்கள் ஐந்து: என் ஹெட்போன், விருந்தினருக்குப் போகும் வழி, ரெக்கார்டரின் மூன்று டிராக்குகள். மொத்தம் 20 கட்டங்கள். என் ஹெட்போனுக்கு விருந்தினர், இசை, அறிவிப்பு என மூன்று டிக். விருந்தினருக்கு என் மைக், இசை என இரண்டு. டிராக்குக்கு ஒன்றாக மூன்று. கூட்டினால் 8. மீதி 12 கட்டங்கள் காலி. ஒலியை ரூட் செய்வதை, அதாவது எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்று வகுப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த 8-ஐப் பற்றியே எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் சங்கடம் வருவதெல்லாம் அந்த 12-இலிருந்துதான். ஒலி வரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். வரக்கூடாத ஒலி வருவது, பல நேரம், எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் நாகரிகம் கருதி வாயைத் திறக்காமலும் இருந்துவிடுவார்.

அந்த 12-இல் மோசமான கட்டம் விருந்தினர் குரல் விருந்தினருக்கே போவது. வானொலிக்காரர்களுக்கு இது பழைய சமாசாரம். தொலைபேசியில் வரும் நேயருக்கு நிகழ்ச்சியின் ஒலி முழுவதையும் அனுப்ப வேண்டும், ஆனால் அவர் குரலை மட்டும் கழித்துவிட்டு. அதற்கு ‘மிக்ஸ் மைனஸ்’ என்று பெயர். கணினியில் இது தவறும் வழி சுலபமானது. இசையும் கேட்க வேண்டும் என்று ‘கணினியின் ஒலி முழுவதும்’ என்பதைப் பிடித்து அழைப்புக்குள் அனுப்பினால், அந்த முழுவதுக்குள் விருந்தினர் குரலும் இருக்கும். அது இணையத்தில் போய்த் திரும்பி, கொஞ்சம் பிந்தி அவர் காதில் விழும்.

மனிதருக்குத் தன் குரலே ஏறத்தாழ 200 மில்லிவினாடி பிந்திக் கேட்டால் பேச்சே குழறிவிடும். இழுப்பார், திக்குவார், பாதியில் நிறுத்துவார். ஜப்பானின் கசுதாகா குரிஹாராவும் கோஜி சுகாடாவும் இதையே வைத்துப் பேசுபவரை வாயடைக்கும் ஒரு துப்பாக்கி வடிவக் கருவி செய்து 2012-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு வாங்கினார்கள். அவர்கள் மெனக்கெட்டுச் செய்ததை ஒரு தப்பான கோடு இலவசமாகச் செய்துவிடும்.

என் ஏற்பாடு மூன்று இல்லாத சாதனங்கள். ‘இசை’ என்று ஒன்று: பாட்டுப் புரோகிராமின் வெளியீடு இதற்குள். ‘வருகை’ என்று ஒன்று: அழைப்புப் புரோகிராமிலிருந்து வரும் விருந்தினர் குரல் இதற்குள். ‘போக்கு’ என்று ஒன்று: என் மைக்கும் ‘இசை’யின் மானிட்டரும் இதற்குள். அழைப்புப் புரோகிராமில் மைக் எது என்று கேட்டால் ‘போக்கு’ என்று சொல்ல வேண்டும். ‘இசை’யும் ‘வருகை’யும் என் ஹெட்போனுக்கும், தத்தம் டிராக்குக்கும். மைக்கிலிருந்து நேராக முதல் டிராக்குக்கு ஒரு கோடு. அறிவிப்பு ஒலிகளை நான் தொடவே இல்லை. அவை வழக்கம்போல ஹெட்போனுக்குப் போகின்றன, ஹெட்போனின் மானிட்டரிலிருந்து நான் எதையும் எடுக்காததால் அங்கேயே நின்றுவிடுகின்றன. ‘வருகை’யிலிருந்து ‘போக்கு’க்குக் கோடு இல்லை. மிக்ஸ் மைனஸ் என்பது அந்த இல்லாத கோடுதான்.

இதில் இரண்டு நுணுக்கம். சில அழைப்புப் புரோகிராம்கள் மைக் பட்டியலில் மானிட்டர்களைக் காட்டுவதே இல்லை. அதனால் ‘போக்கு’ சாதனத்தை ஸ்பீக்கராக உருவாக்காமல், மைக் வகையாகவே, அதாவது விர்ச்சுவல் சோர்ஸாக உருவாக்குவது நல்லது. இன்னொன்று, மைக்குக்குத் துளை ஒன்று, ‘போக்கு’க்கு இரண்டு. மைக்கை இடம், வலம் இரண்டிலும் மாட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் மாட்டினால், ஸ்டீரியோவை மோனோவாகச் சுருக்கும் அழைப்புப் புரோகிராமில் குரல் பாதியாகக் குறைந்து கேட்கும். விருந்தினர் ‘கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்’ என்பார். நாமும் மைக்கைத் திட்டிக்கொண்டு சத்தமாகப் பேசுவோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அழைப்புப் புரோகிராம்கள் மைக்கில் வருவதெல்லாம் பேச்சு என்றே நம்புகின்றன. பேச்சு அல்லாததை இரைச்சல் என்று வெட்டும். நாம் அனுப்பும் இசை எதிர்ப்பக்கத்தில் விட்டுவிட்டு, நீருக்கடியிலிருந்து வருவது மாதிரி கேட்டால் குற்றம் ரூட்டிங்கில் இல்லை. அழைப்புப் புரோகிராமின் செட்டிங்கில் இரைச்சல் குறைப்பையும், ஹெட்போன் போட்டிருந்தால் எக்கோ நீக்கலையும் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து முடித்தால் மறுநாள் கோடுகள் காணாமல் போயிருக்கும்! பிரவுசர் ஒவ்வொரு முறை ஒலி எழுப்பும்போதும் புதிதாக ஒரு பெட்டியைப் பிறப்பிக்கிறது. நிறுத்தினால் பெட்டி போய்விடலாம், அதோடு அதன் கோடுகளும் போகும். பின்னணியில் வயர்பிளம்பர் என்ற மேலாளர் வேறு உட்கார்ந்திருக்கிறது. புதுப் பெட்டி வந்தால் அதை எங்கே மாட்டுவது என்று அது முடிவு செய்யும். ஹெட்போனைச் செருகினால் ‘அவருக்கு இனி இதில் கேட்க வேண்டும்’ என்று தானாகவே எல்லாவற்றையும் நகர்த்தும். சாதாரணப் பயனருக்கு அது உதவி. நமக்கு அது கோடு போட்ட கையைத் தட்டிவிடுகிற உதவி.

இதற்கு வழி, வந்துபோகும் பெட்டிகளிலிருந்து நேராகக் கோடு இழுக்காமல் இருப்பது. பாட்டுப் புரோகிராமின் வெளியீட்டுச் சாதனம் ‘இசை’ என்று ஒருமுறை சொல்லிவைத்தால், அடுத்த முறையும் அது பெரும்பாலும் நினைவில் இருக்கும். நாம் போடும் கோடுகள் எல்லாம் ‘இசை’யிலிருந்து தொடங்கட்டும். அது கணினி ஓடும்வரை இருக்கும். கியூபிடபிள்யூகிராஃப் மொத்தப் படத்தையும் பேட்ச்பே கோப்பாக, அதாவது எந்தத் துளை எதோடு என்ற பட்டியலாகச் சேமித்து, பெட்டிகள் திரும்பி வரும்போது கோடுகளைத் தானே மாட்டும். பட்டியலில் இல்லாத கோடுகளை அறுத்துவிடும் கறாரான விருப்பமும் அதில் உண்டு. காலிக் கட்டங்களைக் காப்பாற்ற எனக்கு அதுதான் பிடித்த வசதி. ஆனால் அதைப் போட்டால் அறிவிப்பு ஒலியும் அறுந்துபோகலாம், மறுபடி சேர்த்துச் சேமிக்க வேண்டியிருக்கும்.

நேரத்தைப் பற்றியும் கொஞ்சம். யூஎஸ்பி மைக் ஒன்று, தனி ஹெட்போன் கார்டு ஒன்று என்று இரண்டு சாதனம் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு கடிகாரம். இரண்டுமே 48,000 என்றுதான் சொல்லும். நிஜத்தில் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட வினாடிக்கு 2.4 மாதிரிகள் (முன்பு சொன்ன அந்த எண்கள்தான்) விலகும், ஒரு மணி நேரத்தில் 8,640. அதாவது 180 மில்லிவினாடி. இரண்டு கணினிகளில் தனித்தனியே பதிவு செய்த ஒரு மணி நேரப் பேச்சை ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த விலகல் தெரிந்திருக்கும்: தொடக்கத்தில் சரியாக இருக்கும், கடைசியில் கேள்விக்கு முன்பே பதில் வரும். ஒரே கணினிக்குள் பைப்வயர் ஒரு சாதனத்தைத் தாளம் போட வைத்து, மற்றதை நொடிக்கு நொடி நீட்டிச் சுருக்கிச் சேர்த்துக்கொள்கிறது. மேக்கில் பல சாதனங்களை ஒன்றாகச் சேர்க்கும்போது ‘டிரிஃப்ட் கரெக்‌ஷன்’ என்ற கட்டத்தை நாமே டிக் செய்ய வேண்டும்.

தாமதம் வேறு விஷயம். பைப்வயர் வழக்கமாக 1,024 மாதிரிகளை ஒரு கட்டாக நகர்த்துகிறது. 48,000-இல் அது 21.3 மில்லிவினாடி. 256 என்று குறைத்தால் 5.3. கித்தார் வாசித்துக்கொண்டே கேட்பவருக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி. பேட்டி எடுப்பவருக்கு ஒன்றுமில்லை, இணையம் அதைவிடப் பல மடங்கு பிந்துகிறது. வீணாகக் குறைத்தால் கணினி மூச்சுவாங்கும்போது ‘டப் டப்’ என்று வெடிப்புச் சத்தம்தான் மிச்சம். என் குரலை நான் கேட்க வேண்டுமென்றால் மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியின் நேரடி மானிட்டர் பொத்தான் போதும், அது கணினிக்குள் போகாமலே வருகிறது. புளூடூத் ஹெட்போனை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். அதன் மைக்கைத் திறந்த நொடியில் பல கருவிகள் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும், இசையும் சேர்ந்து இறங்கும்.

விண்டோஸ் 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து ஒவ்வொரு புரோகிராமுக்கும் வெளியீட்டுச் சாதனத்தைத் தனியே தேர்வு செய்ய விடுகிறது. இல்லாத சாதனத்தை மட்டும் வெளியிலிருந்து நிறுவ வேண்டும். விபி கேபிளும் அதே வீட்டார் தரும் வாய்ஸ்மீட்டரும் போதும். வாய்ஸ்மீட்டரின் முகப்பு முதல் பார்வையில் பயமுறுத்தும். உற்றுப் பார்த்தால் அந்தக் கட்டம் போட்ட தாள்தான், பொத்தான்களாக. மேக்கில் மல்டி அவுட்புட் சாதனம் செய்தால் ஒரே ஒலியை இரண்டு இடத்துக்கு அனுப்பலாம், ஆனால் கீபோர்டு வால்யூம் பொத்தான்கள் அதில் வேலை செய்யாது. ஹெட்போன் போடும் முன் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஒன்று உறுத்துகிறது. நான் எந்தத் துளையிலும் கோடு மாட்டலாம் என்றால், என் கணக்கில் ஓடும் வேறெந்தப் புரோகிராமும் அப்படியே மாட்டலாம். சாண்ட்பாக்ஸ் என்ற வேலிக்குள் அடைக்கப்படாத சாதாரண புரோகிராம் ஒன்று ஹெட்போன் மானிட்டரிலிருந்து ஒலியை எடுத்துக்கொண்டால் யாரும் அனுமதி கேட்பதில்லை. படத்தைத் திறந்து பார்த்தால் அந்தக் கோடு தெரியும் என்பது ஆறுதல்தான், ஆனால் யார் தினமும் திறந்து பார்க்கிறார்கள்?

கடைசியில் சோதனை. எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, ஒவ்வொரு மூலத்தையும் தனியாக ஒலிக்கவிட்டு, மற்றதையெல்லாம் மௌனமாக்கி, ரெக்கார்டரில் எந்த டிராக்கின் மீட்டர் ஆடுகிறது என்று பார்ப்பேன். இசையைப் போட்டால் மூன்றாவது மட்டும் ஆட வேண்டும். நான் பேசினால் முதலாவது மட்டும். விருந்தினர் வழியைத்தான் இங்கிருந்தே பார்க்க முடியாது. அதற்குக் கைபேசியில் ஹெட்போனை மாட்டி, வேறு கணக்கில் அதே அழைப்புக்குள் நானே விருந்தினராக நுழைந்து, மேசையிலிருந்து எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணுவேன். இசை கேட்க வேண்டும், என் எண்ணிக்கை மட்டும் திரும்பி வரக்கூடாது. வந்தால், ‘வருகை’யிலிருந்து ‘போக்கு’க்கு ஏதோ ஒரு வழியாக ஒரு கோடு இருக்கிறது. முதலில் ரெக்கார்டர் பெட்டியைப் பாருங்கள். பதிவு செய்வதை உடனுக்குடன் திருப்பி ஒலிக்கவிடும் வசதி அதில் திறந்திருந்து, அதன் வெளியீட்டை வயர்பிளம்பர் ‘இசை’க்குள் மாட்டிவைத்திருக்கலாம்.